கர்ப்ப காலத்தில் ஊர் மாறினால் மகப்பேறு மருத்துவரை அடைவது எப்படி?

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் ஊர் மாறுவது அபூர்வமான நிகழ்வன்று. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இன்றும் பரவலாக இருக்கிறது. கணவருக்குப் பணி மாறுதல் வந்தோ வாடகை வீடு மாறியோ ஐந்தாம் ஆறாம் மாதத்தில் வேறு மாவட்டத்துக்குப் போக நேர்வதும் உண்டு. ஆனால் பொதுச் சுகாதாரத் துறையின் மகப்பேறு கண்காணிப்பு, இன்ன பகுதிக்கு இன்ன செவிலியர் என்று பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஊர் மாறுபவர் இரண்டு செவிலியர்களின் எல்லைகளுக்கு நடுவே, எவர் கண்ணிலும் படாமல் விடுபட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. புதிய ஊரில் நல்ல மகப்பேறு மருத்துவர் யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதற்கு முன், அந்தப் பகுதியின் சுகாதார செவிலியர் யார் என்று விசாரிப்பதே அரசு ஏற்பாட்டில் சரியான தொடக்கம்.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி, ஆர்.சி.எச். (இனப்பெருக்க, குழந்தை நல) எண் எனப்படும் 12 இலக்க அடையாள எண். கர்ப்பம் உறுதியானதும் பகுதிச் செவிலியர் ‘பிக்மி’ எனும் மாநில இணையத்தளத்தில் விவரங்களைப் பதிவு செய்து இந்த எண்ணைத் தருகிறார். கர்ப்பிணியே அத்தளத்தில் முன்பதிவு செய்யவும் வழி உண்டு. அரசு மருத்துவமனையில் பார்ப்பவர், தனியாரிடம் பார்ப்பவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. 2018 முதல் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்ய இந்த எண் கேட்கப்படுகிறது. ஒரு கர்ப்பத்துக்கு ஒரே எண்தான். ஊர் மாறியதும் பழைய எண்ணைச் சொல்லாமல் புதிதாகப் பதிந்துகொள்வது எளிது போலத் தோன்றும். ஆனால் முந்தைய பரிசோதனை முடிவுகள் ஓரிடத்திலும் பிந்தையவை வேறிடத்திலுமாகச் சிதறிப்போகும், நிதியுதவியும் தடைபடக்கூடும். எனவே கிளம்புவதற்கு முன் பழைய ஊரின் செவிலியரிடம் எங்கே, எந்த மாதம் போகிறோம் என்பதைத் தெரிவிக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் புதிய ஊரின் செவிலியரிடம் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். இரண்டாவதைச் செய்கிற பலர் முதலாவதை மறந்துவிடுகிறார்கள். பெங்களூரு போன்ற வெளிமாநில ஊர்களிலிருந்து வருபவர்கள் அங்கே தரப்பட்ட அட்டையைக் (கர்நாடகத்தில் அதைத் ‘தாயி கார்டு’ என்பார்கள்) கட்டாயம் எடுத்துவர வேண்டும்.

கிராமப்புறத்தில் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரும், நகரங்களில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்த நகர்ப்புற சுகாதார செவிலியரும் இப்பணியைச் செய்கிறார்கள். அவரை அறிய மிக எளிய இடம் தெருவிலுள்ள அங்கன்வாடி. அங்கே பதிந்துகொண்டால் கர்ப்பிணிகளுக்கான சத்துமாவும் புதிய முகவரியிலேயே கிடைக்கும். சொந்த வீடு, உள்ளூர் குடும்ப அட்டை ஆகியவை இல்லை என்பதற்காகப் பரிசோதனை மறுக்கப்படக் கூடாது; தங்கியிருக்கும் இடம் எதுவோ அந்தப் பகுதியின் நிலையத்தில் சேவை பெறலாம்.

இனி மருத்துவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பவர் பெரும்பாலும் பொது மருத்துவ அலுவலரே தவிர, மகப்பேறு சிறப்பு மருத்துவர் அல்லர். சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு இது குறையன்று. வழக்கமான பரிசோதனைகளும் சுகப்பிரசவமும் அங்கேயே நடக்கின்றன. சிறப்பு மருத்துவரைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி, நான்காம் மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் இலவசச் சிறப்புப் பரிசோதனை நடத்தப்படுகிறது. புதிய ஊருக்கு வந்தவருக்கு முதல் அறிமுகமாக இந்நாள் பொருத்தமானது. மற்றொன்று, ‘சீமாங்க்’ என்று மருத்துவமனை வட்டாரத்தில் அழைக்கப்படும் அவசரகால மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் குறிப்பிட்ட சில வட்ட மருத்துவமனைகளிலும் இம்மையங்கள் உள்ளன. இரவு பகல் எந்நேரமும் அறுவைசிகிச்சைப் பிரசவம் செய்யவும் இரத்தம் ஏற்றவும் அவற்றில் வசதி உண்டு. சென்னையில் எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை ஆகியவை இந்த வகையில் பலரும் அறிந்தவை.

முந்தைய பிரசவம் அறுவைசிகிச்சையாக இருந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடியவர்கள், ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கியவர்கள், நெகட்டிவ் இரத்தப் பிரிவினர் ஆகியோர் புதிய ஊரில் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. வந்தவுடனே செவிலியர் மூலம் பரிந்துரைச் சீட்டு பெற்று, சீமாங்க் மையத்தில் ஒருமுறையாவது தம்மைக் காட்டிவிட வேண்டும். நெகட்டிவ் பிரிவினருக்கு 28ஆம் வாரத்தையொட்டிப் போடப்படும் ‘ஆன்ட்டி டி’ ஊசி (குழந்தையின் இரத்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் தாயின் உடலில் உருவாகாமல் தடுப்பது), தாய்வீடு செல்லும் பயணம் பெரும்பாலும் நடக்கும் அதே காலத்தில் வருவதால் தவறிவிடுகிறது. ஏழாம் மாதத்தில் சடங்குக்கு நாள் குறிப்பவர்கள் இந்த ஊசிக்கும் ஒரு நாள் குறித்துவைப்பது நல்லது.

எடுத்துச்செல்ல வேண்டியவற்றில் முதன்மையானது தாய் சேய் பாதுகாப்பு அட்டை. அதனோடு இரத்தப் பிரிவு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனை முடிவுகள், எல்லா ஸ்கேன் அறிக்கைகள், ‘டிடி’ (ரண ஜன்னி) தடுப்பூசி போட்ட தேதிகள், முந்தைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை வேண்டும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையைத் தொலைத்துவிடக் கூடாது. பிரசவத் தேதியைச் சரியாகக் கணிக்கப் பிற்பாடு எடுக்கும் ஸ்கேன் அந்த அளவுக்கு உதவாது.

புதிய ஊரில் தனியார் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கேட்க வேண்டியவை பெயரும் புகழும் மட்டுமல்ல. நள்ளிரவில் மயக்க மருத்துவர் வருவாரா, இரத்த வங்கி எவ்வளவு தொலைவு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளே இருக்கிறதா, எட்டாம் மாதத்துக்குப் பிறகு வருபவரைச் சேர்த்துக்கொள்வார்களா என்பவற்றை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். தனியாரிடம் பார்த்தாலும் பகுதிச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் இருப்பது அவசியம்.

பண உதவியைப் பொறுத்தவரை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ் 19 வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பெண்களுக்கு இரண்டு பிரசவங்கள் வரை தலா 18,000 ரூபாய் மதிப்பில் உதவி தரப்படுகிறது. இதில் 14,000 ரூபாய் வங்கிக் கணக்கிலும், 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. கர்ப்பத்தின் 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். 2024இல் மாற்றியமைக்கப்பட்ட முறைப்படி பணம் மூன்று தவணைகளாக வருகிறது: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்கு மாதமானதும் 6,000, ஒன்பது மாதமானதும் 2,000. ஊர் மாறுவதால் தகுதி போய்விடாது. ஆனால் பரிசோதனைகளும் பிரசவமும் தடுப்பூசிகளும் அதே ஆர்.சி.எச். எண்ணில் பதிவாகியிருந்தால்தான் தவணை நகரும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைசிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு அனைத்தும் 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி இலவசம். வலி கண்டதும் 108ஐ அழைக்கலாம். பிரசவத்துக்குப் பின் தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவிட 102 ஊர்தி உண்டு.

பிறப்புப் பதிவு, குழந்தை பிறந்த ஊரில்தான் செய்யப்படும், பெற்றோர் குடியிருக்கும் ஊரில் அன்று. 21 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். மதுரையில் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் தேடிச் சென்னை மாநகராட்சி அலுவலகத்தில் நிற்பதில் பயனில்லை. குழந்தையோடு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீடு திரும்பும்போது மீண்டும் ஒருமுறை இரு ஊர்ச் செவிலியர்களிடமும் தெரிவிக்க வேண்டும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத் தடுப்பூசிகளில் எவையெவை போடப்பட்டன என்பது புதிய பகுதியின் பதிவேட்டில் ஏறிய பிறகே குழந்தையின் நான்காம் மாத நிதியுதவித் தவணைக்கான வழி திறக்கும்.