டிஜே கெட்டிக்காரரா? பாட்டு மாறும் இடத்தில் காதை வையுங்கள்

பார்ட்டியில் எந்த டிஜே நன்றாகப் போட்டார் என்று கேட்டால், எந்தப் பாட்டுக்குக் கூட்டம் அதிகம் கத்தியது என்பதைத்தான் பலரும் சொல்வார்கள். சூப்பர்ஹிட் பாட்டை யார் போட்டாலும் கூட்டம் கத்தும். அதில் பெரும்பங்கு இசையமைப்பாளருக்குச் சேர வேண்டியது. டிஜேயின் கைவேலையை எடைபோட்டு மதிப்பெண் கொடுக்க வேண்டுமானால், இரண்டு பாட்டும் சேர்ந்து ஒலிக்க, ஒன்று வடிந்து அடுத்தது ஏறுகிற அந்த அரை நிமிடத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே நடப்பதில் பெரும்பகுதி, காதாலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய இயற்பியல்.

முதலில் வேகம். நடன இசையின் வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று பிபிஎம் கணக்கில் சொல்வார்கள். கிளப்புகளில் ஒலிக்கும் ஹவுஸ் என்ற நடன இசை வகை பெரும்பாலும் 120க்கும் 130க்கும் இடையில் ஓடும். 125 பிபிஎம் பாட்டில் 480 மில்லிநொடிக்கு ஓர் அடி விழும். அடுத்த பாட்டு 124 என்றால் இடைவெளி ஏறக்குறைய 484. நான்கு மில்லிநொடி வித்தியாசம் முதல் அடியில் யாருக்கும் தெரியாது. ஆனால் அது அடிக்கு அடி சேர்ந்துகொண்டே போகும். எட்டு அடியில் 30 மில்லிநொடியைத் தாண்டிவிடும். 'தும்' என்று ஒன்றாக விழுந்தது 'துதும்' என்று இரட்டிக்கும். அரை நிமிடத்தில் ஒரு பாட்டின் அடி, மற்றதன் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவே வந்து விழும். ஆடுகிறவருக்குக் காரணம் தெரியாது, கால் மட்டும் தடுமாறும்.

இதைத் தடுக்கும் வித்தைதான் பீட்மேட்சிங். 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ரெக்கார்டு பிளேயரில் பெல்ட் கிடையாது, மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும். 1979இல் வந்த எம்கே2 வடிவத்தில் வலது ஓரம் நீளமான ஒரு ஸ்லைடர் உண்டு. அதைத் தன் பக்கம் இழுத்தால் வேகம் 8 சதவீதம் வரை கூடும், அப்பால் தள்ளினால் அதே அளவு குறையும். டிஜே ஒரு காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, கூட்டத்துக்கு இன்னும் போய்ச் சேராத பாட்டைக் கேட்பார். மறு காது அரங்கில் ஓடுகிற பாட்டில் இருக்கும். புதுப் பாட்டு பின்தங்கினால் ரெக்கார்டை விரல்நுனியால் சற்றே முன்னுக்குத் தள்ளுவார். முந்தினால் தட்டின் விளிம்பில் விரலை மெல்ல உரசவிடுவார். பிறகு ஸ்லைடரை ஒரு மயிரிழை நகர்த்துவார். இரட்டிப்பு மறுபடி கேட்கிறதா என்று காத்திருப்பார். இத்தனையும் ஓடுகிற பாட்டு முடிவதற்குள் நடந்தாக வேண்டும்.

டிஜே பக்கத்திலேயே தனியாக ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் இருப்பதற்கும் இதே கணக்குதான் காரணம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 10 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரை நம்பி அவர் தாளம் சேர்த்தால், அங்கேயே 29 மில்லிநொடி பிசகிவிடும். மானிட்டர் வைக்காத அரங்கில் ஒருவர் தடுமாறினால் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.

இப்போது கணினியிலும் புதிய பிளேயர்களிலும் சிங்க் பட்டன் வந்துவிட்டது. அழுத்தினால் இரண்டு பாட்டின் வேகமும் தானாகச் சேர்ந்துகொள்ளும். அதை அழுத்துபவர் டிஜேயே இல்லை என்று சண்டைபோடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிகளைச் சேர்க்கத்தான் அதற்குத் தெரியும், வாக்கியத்தைச் சேர்ப்பது பெரும்பாலும் ஆளின் வேலையாகவே இருக்கிறது. நடன இசை பெரும்பாலும் நான்கு அடி ஒரு பார், எட்டு பார் சேர்ந்தால் ஒரு வாக்கியம் என்ற கட்டில் நகரும். புதுக் கருவி நுழைவதும் குரல் தொடங்குவதும் அந்த 32 அடிகளின் எல்லையில்தான். புதுப் பாட்டை மூன்றாவது பாரில் விட்டால், அடி கச்சிதமாக இருந்தும் ஒரு பாடகர் பல்லவியில் இருக்கும்போதே இன்னொருவர் குறுக்கே பாடத் தொடங்குவார். 1970களில் நியூயார்க் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், சரியான இடத்தைக் கண்ணாலேயே பிடிக்க ரெக்கார்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு வைத்தார்.

நம் ஊர் பார்ட்டியில் இன்னொரு சிக்கல் உண்டு, மேற்கத்திய டிஜே பாடங்களில் இதை அதிகம் பார்க்க முடியாது. குத்துப் பாட்டுகளில் பல திஸ்ர நடையில் ஓடும், ஒவ்வோர் அடிக்குள்ளும் 'தகிட' என்று மூன்று பிரிவு. கிளப் பாட்டு சதுஸ்ரம், 'தகதிமி' என்று நான்கு. இரண்டும் 120 பிபிஎம் என்றால் கணினிக்குப் பரம திருப்தி. காதுக்கோ மூன்றும் நான்கும் இடித்துக்கொள்ளும். விவரம் தெரிந்தவர் இவற்றை ஒன்றின்மேல் ஒன்று போடவே மாட்டார். தாளம் ஓய்ந்து குரல் மட்டும் நிற்கிற இடம் வரும்வரை பொறுத்து, அங்கே வெட்டி மாற்றுவார். பழைய சினிமாப் பாட்டுகளில் வேறு தொல்லை. வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை அவை. வேகம் ஒரு நூலிழை ஏறும், இறங்கும். அடிகள் விழும் இடங்களைக் குறித்துக் கணினி போட்டு வைத்த கட்டம் சில வரிகளிலேயே நழுவிவிடும். அப்போது கை தட்டைவிட்டு நகரக் கூடாது, பழைய பயிற்சி உள்ளவர் அங்கேதான் தனித்துத் தெரிவார்.

நான் அதிக மதிப்பெண் கொடுப்பது பாஸ், அதாவது தாழ்ந்த ஒலியின் மாற்றத்துக்கு. ஒரு பாட்டின் பாஸ் 55 ஹெர்ட்ஸிலும் மற்றதன் பாஸ் 58 ஹெர்ட்ஸிலும் ஒரே நேரத்தில் ஒலித்தால், நொடிக்கு மூன்று முறை ஒலி வீங்கி வற்றும். பள்ளிப் பாடத்தில் விம்மல் என்று படித்தது இதைத்தான். இரண்டும் ஒரே அதிர்வெண்ணாகி எதிர் எதிராக அசைந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், டிரம் அடி சொத்தையாகக் கேட்கும். அதனால் புதுப் பாட்டை பாஸ் இல்லாமல், மேல்சத்தங்களோடு மட்டும் உள்ளே விட வேண்டும். 32 அடி முடிகிற கணத்தில் இரண்டு கைகளும், பாட்டுகளின் ஒலியைக் கலக்கும் மிக்சர் கருவியில் இரண்டு பாஸ் திருகுகளிலும் இருக்கும். ஒன்றை இறக்கி, அதே அடியில் மற்றதை ஏற்ற வேண்டும். சரியாக விழுந்தால் பாட்டு மாறியதை நெஞ்சுக்கூடு முதலில் உணரும். உடம்பு பாஸுக்கு அப்படிக் கட்டுப்பட்டது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் இசை நிகழ்ச்சியின்போது, காதுக்குத் தனியாகப் பிடிபடாத மிகத் தாழ்ந்த ஒலியை நடுநடுவே சேர்த்து அளந்தார்கள். அது ஒலித்த நேரங்களில் ஆட்கள் சுமார் 12 சதவீதம் கூடுதலாக அசைந்தார்கள். ஒலித்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. 2022இல் வெளியான ஆய்வு இது.

சுருதியைப் பற்றி ஒரு வார்த்தை. ரெக்கார்டை 6 சதவீதம் வேகமாக்கினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். இப்போதைய மென்பொருள் வேகத்தை மாற்றிச் சுருதியைப் பிடித்து நிறுத்தும், ஆனாலும் ஒவ்வாத இரண்டு சுருதிகளைச் சேர்த்தால் அபஸ்வரம்தான். மிக்சரில் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தால் தயங்காமல் மதிப்பெண்ணைக் குறையுங்கள். அலையின் தலை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கிறது என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச அளவு, 15 நிமிட சராசரியில் 100 டெசிபல்.

1985இல் தொடங்கிய, டிஜேக்களுக்கான டிஎம்சி உலகப் போட்டியில் சில நிமிடங்களுக்குள் கைவித்தை முழுவதையும் காட்டிவிட வேண்டும். உள்ளூர் இரவு பல மணி நேரம் நீள்வது, அங்கே கூட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1973 வாக்கில் விருந்துகளில் பாட்டுப் போட்ட கூல் ஹெர்க், குரல் ஓய்ந்து டிரம் மட்டும் ஒலிக்கிற சில நொடிகளுக்காகவே ஆட்டக்காரர்கள் காத்திருப்பதைப் பார்த்தார். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, அந்த நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். ஹிப்-ஹாப் அங்கிருந்து கிளம்பியது.

அரங்கு பாதி காலியாக இருக்கும்போது முதலில் போடுகிறவருக்குத்தான் இந்தப் பார்வை அதிகம் வேண்டும். அவர் 105, 110 பிபிஎம்மில் நிதானமாக ஓட்டி, பெரிய ஹிட்டுகளை அடுத்து வருபவருக்கு விட்டுவைப்பார். அவருக்கு யாரும் கத்தமாட்டார்கள், நடுவர்களும் பெரும்பாலும் அவரைக் கண்டுகொள்வதில்லை. இது அநியாயம். கத்தலை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாட்டு மாறும்போதும் ஆடுகிறவர்களை எண்ணுங்கள்: மாறுவதற்கு முன் எத்தனை பேர், மாறி ஒரு நிமிடம் கழித்து எத்தனை பேர். எட்டு மணிக்குப் போட்டவரையும் பதினோரு மணிக்குப் போட்டவரையும் அப்போது ஒரே தாளில் மதிப்பிடலாம்.