பூங்காவில் படர்ந்திருப்பது பொற்றலை அல்ல

"வாசல்லயே காடு மாதிரி கிடக்குது டாக்டர். தினமும் ஒரு கைப்பிடி பறிச்சுச் சாறு எடுத்துக் குடிக்கிறேன்" என்றார் அந்த அம்மா. காமாலைக்கு மூன்று வாரமாக, பொற்றலை, மஞ்சள் கரிசாலை என்றெல்லாம் சொல்லும் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் சாறு. மறுநாள் ஒரு கொத்துக் கொண்டுவரச் சொன்னேன். பையைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. தடித்த, பளபளப்பான இலை, ஓரத்தில் பற்கள், நுனிப்பக்கம் மூன்றாகப் பிரிந்த மடல். அது கரிசாலையே இல்லை.

சித்த மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. அவர் கொண்டுவந்தது நர்சரிகளில் வெடேலியா என்று விற்கும் அழகுச் செடி. நடு, தென் அமெரிக்கா அதன் தாயகம். அடுக்குமாடி வாசல், சாலை நடுத்திட்டு, பூங்கா என்று எங்கும் பச்சைக் கம்பளமாகப் படர்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

நம் மண்ணின் மஞ்சள் கரிசாலை அதற்கு நெருங்கிய உறவுதான். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், இரண்டும் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும், பூவும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். நம்முடையதற்கு இலை ஒடுங்கி நீண்டிருக்கும், தொட்டால் சொரசொரக்கும். மடல் பிரியாது, ஓரத்தில் பல் இருந்தாலும் ஒன்றிரண்டுதான். வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம் என்று ஈரம் நிற்கும் இடம்தான் அதற்குப் பிடிக்கும். களைக்கொல்லி அடித்த வரப்பிலும் சிமென்ட் பூசிய வாய்க்காலிலும் அதை எங்கே தேடுவது? எனக்கு இது பெரிய வருத்தம்.

பொற்றலைக் கையாந்தகரை என்று வள்ளலார் தம் அன்றாட ஒழுக்கக் குறிப்பான நித்திய கரும விதியில் சொல்வது இதைத்தான். 1956இல் சென்னை வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் உழைத்தவர்களும் இந்தச் செடியில் இருந்த ஒரு சேர்மத்தின் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அந்தச் சேர்மத்துக்கு வெடலோலாக்டோன் என்று பெயர். வெடேலியா அப்போது நம் செடிக்கு இருந்த தாவரவியல் பெயர். இன்று அதே பெயரில் வேறொன்றை விற்கிறார்கள். சரி, உறவுச் செடிதானே, குடித்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு செடிக்குச் சொன்ன குணத்தை அதன் பங்காளிக்கும் சேர்த்து எழுத முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சரியான கீரையே கிடைத்தாலும், கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. காமாலைக்குக் காரணம் வைரஸாக இருக்கலாம், மதுவாக இருக்கலாம், அடைப்பாக இருக்கலாம். அந்த அம்மாவுக்கு ஸ்கேனில் தெரிந்தது பித்தக் குழாயில் கல். எந்தச் சாறும் அதைக் கரைத்திருக்காது. மூன்று வாரம் வீணாகிவிட்டது.

சிகிச்சை முடிந்து வந்தவர், என் கிளினிக் குழாயடித் தொட்டியில் இருக்கும் கரிசாலையை வெகுநேரம் தடவிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கணு உள்ள ஒரு தண்டைக் கேட்டு வாங்கிப் போனார். ஈர மண்ணில் வைத்தால் அவ்வளவே போதும், வேர் பிடித்துவிடும்.