ஹெச்.எம். பாடமே நடத்தல, அப்புறம் மார்க் எப்படி ஏறுது?

அஸ்தம்பட்டிலருந்து ஒரு டீச்சரக்கா கேட்டாங்க, "ஸ்கூட்டி ஓட்டக்கூட லைசென்ஸ் வேணும், ஹெச்.எம். ஆக மட்டும் சீனியாரிட்டி போதுமா தம்பி? வெளிநாட்டுல எப்படி?"

வரலாற வேகமா சொல்லிடறேன். அமெரிக்காவுல பள்ளித் தலைமைக்குன்னு பொதுவான ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது ஹெச்.எம்.னா என்ன தெரிஞ்சிருக்கணும், என்ன செய்யணும்ங்கற வரையறை, 1996-ல வந்துச்சு, மொத்தம் 6. பல மாநிலங்கள் அத எடுத்துக்கிச்சு, லைசென்ஸ் பரீட்சையும் காலேஜ் சிலபஸும் அத வச்சே மாறுச்சு. 2008-ல திருத்துனாங்க, 2015-ல 10 ஆச்சு. இங்கிலாந்துல 1997-ல ஹெட்டீச்சருக்குன்னு ஒரு தகுதிச் சான்றிதழ் கொண்டு வந்து, அப்புறம் கட்டாயமாக்கி, 2012-ல அந்தக் கட்டாயத்தயே தூக்கிட்டாங்க. ஆஸ்திரேலியாவுல ஹெச்.எம்.முக்கான ஸ்டாண்டர்ட் 2011-ல வந்துச்சு. நம்ம டெல்லியில பள்ளித் தலைமைக்குன்னு தேசிய மையம் வந்தது 2012-ல.

அந்த அமெரிக்க ஸ்டாண்டர்ட்ஸ்ல எனக்குப் பிடிச்ச சமாச்சாரம் அதோட வார்த்தை: 1996-ல 'ஆல்' ஸ்டூடன்ட்ஸ், 2008-ல 'எவ்ரி', 2015-ல 'ஈச்'. மொத்தமா எல்லாரும்ங்கறதுலருந்து, கடைசி பெஞ்சு பையன் வரைக்கும் ஒவ்வொருத்தனா எண்ணுன்னு வந்து நின்னுருக்கு, இதுக்கு 19 வருஷம்.

சரி, மேட்டருக்கு வர்றேன். ஹெச்.எம். பசங்களுக்கு நேரா ஒண்ணும் செய்யறதில்ல, அப்புறம் எதுக்கு அவருக்கு ஸ்டாண்டர்ட்? ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துக்குள்ள நடந்திருக்கீங்களா, நெட்டுக்குத்தா சில்வர் ஓக் நிக்கும், அதுல ஒரு காப்பிக்கொட்டகூட காய்க்காது, ஆனா அந்த நிழல்தான் வெயில மட்டுப்படுத்துது, உதிர்ற சருகு மண்ணுல ஈரத்தப் பிடிச்சு வைக்குது, கீழ இருக்கற செடி அதுனாலதான் தாக்குப்பிடிக்குது. ஹெச்.எம். வேலையும் இதேதான், அவரு தொடறது டீச்சர, டீச்சர் தொடறது பசங்கள. ஆராய்ச்சிக்காரங்க இத மறைமுக விளைவுன்னு சொல்றாங்க.

நிழல்னா எந்த நிழல்? நியூசிலாந்துல விவியன் ராபின்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர், கூட ரெண்டு பேரு, 2008-ல பழைய ஆய்வுகளையெல்லாம் சேத்து வச்சு ஹெச்.எம். செய்யற வேலைகள 5 வகையா பிரிச்சு, ஒவ்வொண்ணும் பசங்க படிப்ப எவ்வளவு மாத்துதுன்னு அளந்தாங்க, நம்பர் பெருசா இருந்தா தாக்கமும் பெருசு. ஸ்கூல ஒழுங்கா அமைதியா வச்சுக்கறது 0.27, குறிக்கோள் வைக்கறது 0.42. டீச்சருங்க கத்துக்கறதுக்கு ஏற்பாடு பண்ணி, தானும் கூட உக்காந்து கத்துக்கறது 0.84! மணியடிச்சதும் மைதானமே கப்சிப்னு ஆகுதேன்னு பெருமைப்படறோமே, அதப்போல மூணு மடங்கு. அந்த 0.84 கொஞ்சம் ஆய்வுகள்லருந்துதான் வந்துச்சு, அதுனால நம்பர கல்வெட்டா எடுத்துக்காதீங்க, ஆனா போற தெச தெளிவா இருக்கு.

நம்ம ஊருல இந்த மாதிரி அளக்கறதுக்கு யாரு காசு குடுப்பாங்க? ரிசல்ட் கொறஞ்சா ஹெச்.எம். ரூம் நாற்காலிய வாஸ்து பாத்து திருப்பிப் போட்ட ஒரு ஸ்கூல எனக்குத் தெரியும், சத்தியமா. அந்த வருஷமும் மேத்ஸ்ல அதே ரிசல்ட்தான்.

இதெல்லாம் அக்காகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "போன வாரம் எங்க ஹெச்.எம். மேத்ஸ் சார் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல வந்து உக்காந்து நோட்ல குறிப்பெடுத்தாருப்பா, நாங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சேந்து, இந்தாளு வேவு பாக்கறாருன்னு திட்டுனோம்"னாங்க.