‘நர்சிங்’ என்று எழுதியிருப்பதெல்லாம் நர்சிங் படிப்பு ஆகிவிடாது

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், புறநோயாளிகள் வரிசை வாசல் வரை நீண்டிருந்த நேரத்தில், ஒரு தாயும் மகளும் என்னைப் பார்ப்பதற்காகக் காத்திருந்தார்கள். கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற அம்மா அவர். காய் எடுத்து எடுத்துக் கறுத்துப் போன விரல்களால் ஒரு பிளாஸ்டிக் கவரைத் திறந்து, லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றை மேசைமேல் வைத்து, “பாப்பா நர்சு படிச்சு முடிச்சிருச்சு சிஸ்டர், உங்க ஆஸ்பத்திரியிலேயே ஒரு வேலை போட்டுக் குடுங்க” என்றார்.

சான்றிதழ் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. பொன்னிற ஓரம், மின்னும் முத்திரை, நடுவில் பெரிய எழுத்தில் ‘டிப்ளமா இன் நர்சிங்’. கீழே ஒரு அறக்கட்டளையின் பதிவு எண்ணும், ஐ.எஸ்.ஓ. 9001 தரச்சான்று பெற்ற நிறுவனம் என்ற வரியும் இருந்தன. நான் தேடியது வேறு. எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் அதில் இல்லை. எந்த மாநிலச் செவிலியர் கவுன்சிலின் பெயரும் இல்லை. படிப்பின் காலம் ஓர் ஆண்டு. அதற்காக மகளிர் குழுவில் கடன் வாங்கி அவர்கள் கட்டிய தொகை 65,000 ரூபாய். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்து, முறையான பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் அளவுக்கு மதிப்பெண்ணும் பெற்றவள். விண்ணப்பம் ஒன்று இருக்கிறது என்பதையே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த ஆண்டில் இப்படி என் முன்னால் வந்து நின்ற நான்காவது பிள்ளை அவள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் பக்கத்தில் வேரூன்றிப் போயிருக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: வெள்ளைக் கோட்டும், ஊசி போடத் தெரிந்த கையும் இருந்தால் அவர் நர்சு, எங்கே எத்தனை நாள் படித்தார் என்பது பெரிய விஷயமில்லை. இதை எத்தனை முறை மறுத்தாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் பிள்ளைகளின் எதிர்காலம் இந்த ஓர் இடத்தில்தான் முறிந்து போகிறது. இந்தியாவில் செவிலியர் என்ற சொல்லுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் கீழ் நாடு முழுவதற்கும் பாடத்திட்டமும் தகுதியும் வகுக்கப்பட்டன. அதற்கு மாற்றாக 2023இல் செவிலியர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டிருக்கிறது. இந்த ஒழுங்குக்குள் வரும் அடிப்படைப் படிப்புகள் மூன்றே மூன்று. ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டுகள், கிராமச் சுகாதாரப் பணிக்கு உரியது. ஜி.என்.எம். என்ற பொதுச் செவிலியர் படிப்பு மூன்று ஆண்டு டிப்ளமா. உயிரியல் படிக்காதவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது, பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் பெறலாம். மூன்றாவது பி.எஸ்சி. நர்சிங், நான்கு ஆண்டு பல்கலைக்கழகப் பட்டம். ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டில் எதை முடித்தாலும் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்து, ஆர்.என்.ஆர்.எம். (பதிவு பெற்ற செவிலியர், மகப்பேறு செவிலியர்) என்று நாங்கள் சொல்லும் பதிவெண்ணைப் பெறுகிறோம். அந்த எண் உள்ளவர் செவிலியர். அது இல்லாதவரை, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், செவிலியராக நான் வேலைக்கு எடுக்க முடியாது.

ஆறு மாதம், ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று பேருந்து நிலையத்துச் சுவர்களில் ஒட்டியிருக்கும் படிப்புகள், ‘நர்சிங் கேர்’, ‘நர்சிங் அசிஸ்டென்ட்’, ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’ என்று என்ன பெயர் வைத்துக்கொண்டாலும், இந்த வரிசையில் சேராதவை. அறக்கட்டளையாகப் பதிவு செய்துகொள்வது யாருக்கும் இயலும். ஐ.எஸ்.ஓ. சான்று ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறையைப் பற்றியது. அங்கே படித்த பிள்ளை நோயாளிக்கு மருந்து கொடுக்கலாமா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நோயாளிக்குத் துணையிருக்கும் உதவியாளர் வேலைக்கு ஒரு குறுகியகாலப் பயிற்சி என்று உள்ளது உள்ளபடி சொல்லிச் சேர்த்தால் அதில் தவறில்லை. உதவியாளர் பணியும் மதிப்பான பணிதான். ஆனால் இவர்கள் அப்படிச் சொல்லிச் சேர்ப்பதில்லை. இந்தச் சான்றிதழை நம்பிச் சிறிய மருத்துவமனைகளில் குறைந்த சம்பளத்துக்குச் சேரும் பெண்களிடம் ஊசி போடும் வேலையையும், டிரிப் ஏற்றும் வேலையையும் ஒப்படைக்கிறார்கள். ஒரு மருந்து மாறிப் போனால் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் முன்வராது.

மெட்டுக்கு அந்தப் பக்கம் இந்த ஏமாற்று இவ்வளவு எளிதில் நடப்பதில்லை. கேரளத்தில் பல வீடுகளில் ஒரு சித்தியோ அக்காவோ செவிலியராக இருப்பதால், ‘கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் உண்டோ?’ என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. நம் வீடுகளிலும் அந்தக் கேள்வி வரவேண்டும் என்பதே என் ஆசை.

தயாரிப்பு பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பிறகு தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு குரூப் எடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. பி.எஸ்சி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் படித்திருக்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் என்று பிரித்துப் படித்திருந்தாலும் சரி. ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் எடுத்த 90 விழுக்காடு இங்கே பயன்படாது. அறிவியல் பாடங்கள் மூன்றும் சேர்ந்து பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 விழுக்காடும் வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். 45 என்பது விண்ணப்பிக்க உரிமை தரும் அளவு, இடம் வாங்கித் தரும் அளவு அன்று. அரசுக் கல்லூரி இடத்துக்கான தரவரிசையில் போட்டி கடுமையானது. அம்மாமார்களே, பதினோராம் வகுப்பை விளையாட்டாக விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே பிடிபடாத வேதியியல் பன்னிரண்டாம் வகுப்பில் திடீரென்று பிடிபடாது.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டப்படிப்புக்கான விண்ணப்பத்தை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு வாங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு கலந்தாய்வு நடக்கிறது. பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். கேரளத்தில் அரசு நிறுவனமான எல்.பி.எஸ். மையம் விண்ணப்பம் வாங்குகிறது. பல்கலைக்கழகம் திருச்சூரில் உள்ள கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். ‘நீட் எழுதவில்லையே, நர்சிங் கிடைக்குமா?’ என்று அழுதுகொண்டு வருகிறவர்களும் உண்டு. ‘நீட்டில் வரவில்லையென்றால் நர்சிங் தானாகக் கிடைத்துவிடும்’ என்று அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. இரண்டுமே பிழை. ராணுவச் செவிலியர் பணிக்கான பி.எஸ்சி. இடங்களுக்கு நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். எய்ம்ஸ் தனியாக ஒரு நுழைவுத் தேர்வு வைக்கிறது. மாநிலக் கலந்தாய்வு வேறு பாதை. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். பக்கத்து வீட்டு அக்கா மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த விதம் உங்களுக்கு வழிகாட்டியாகாது.

எல்லையில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ்தான் பெரிய கண்டம். குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்து கேரளப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளை, பூர்வீகம் தமிழ்நாடு என்று சொல்லி இங்கே விண்ணப்பித்தால் அதற்கு இருப்பிடச் சான்று வேண்டும். பாட்டனார் உத்தமபாளையத்துக்காரர் என்று வாயால் சொல்வதை எந்த அலுவலகமும் ஏற்காது. சாதிச் சான்று இதைவிடச் சிக்கலானது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் குடிபெயர்ந்து போன மாநிலத்தில் அதே இட ஒதுக்கீட்டைப் பெற முடியாது. கேரளத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம் 1950க்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கான ஆதாரம் கேட்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக லயத்து வீட்டில், நிலப்பத்திரம் ஏதுமின்றி வாழ்ந்தவர்கள் அந்தக் காகிதத்துக்கு எங்கே போவார்கள்? இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் ஜூன் மாதத்தில் தாலுகா அலுவலகத்தில் நின்றுகொண்டு அழுவதைவிட, பதினோராம் வகுப்பிலேயே எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்கப் போகிறோம் என்று முடிவு செய்து, பழைய தோட்டப் பதிவேடு, ரேஷன் அட்டை, பாட்டனாரின் பள்ளிச் சான்று என்று தேடத் தொடங்குவது நல்லது.

தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் வெளிமாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட்டுகள் வீடு தேடி வருவார்கள். வெளிமாநிலத்தில் படிப்பது தவறு என்று நான் சொல்லவே இல்லை. அங்கே மிக நல்ல கல்லூரிகள் உண்டு. ஆனால் வாசலைக்கூடப் பார்க்காத கல்லூரிக்குக் கைபேசியில் வந்த படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். மாநிலச் செவிலியர் கவுன்சிலின் பட்டியலிலும், இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் அந்தப் பெயர், அதே ஊரோடு, அதே படிப்போடு இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.என்.எம். நடத்த அனுமதி வைத்துக்கொண்டு பி.எஸ்சி. என்று சேர்த்த இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் எந்த மருத்துவமனையில் பயிற்சி எடுக்கிறார்கள், அதில் எத்தனை படுக்கைகள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

‘பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்’ என்று எவராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வகுப்பிலும் பயிற்சியிலும் 80 விழுக்காடு வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. பட்டம் வாங்குவதற்குள் மருத்துவமனைப் பயிற்சி நேரம் நூறு விழுக்காடும் நிறைவாகியிருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது ஒவ்வொரு சான்றையும் படித்த கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறார்கள். அன்றைக்கு உண்மை வெளியே வரும்.

அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டு அசலைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. ‘சீட்டைப் பிடித்து வைக்க’ என்று சொல்லி மதிப்பெண் பட்டியலை வாங்கிக்கொள்பவர் உண்மையில் பிடித்து வைப்பது உங்கள் பிள்ளையைத்தான்.

பணத்துக்கும் முறையான வழிகள் இருக்கின்றன. வித்யாலட்சுமி தளத்தின் வழியாகக் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு வங்கி கடன் தராது என்பதால், வங்கி மேலாளர் மறுத்தால் அதை முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. முதல் பட்டதாரிச் சான்றை மறக்காமல் வாங்கி வையுங்கள்.

கலந்தாய்வுக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் இடைப்பட்ட வாரங்களைத் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் வீணாக்க வேண்டாம். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் ஆங்கிலத்தில் வந்து நிற்கும். சொற்களைப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள்: ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘ஹெபட்’ கல்லீரல், ‘நெஃப்ர்’ சிறுநீரகம், இப்படி ஐம்பது வேர்ச்சொற்கள் கைவசம் இருந்தால் பாதி பயம் போய்விடும். கணக்கும் வேண்டும். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 42 என்று தாளில் போட்டுச் சொல்லும் பிள்ளைக்கு வார்டில் கை நடுங்காது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசியிலிருந்து ஒரு மாதம், ஆறு மாதம் என்று போவதால் சேருவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். ஹீமோகுளோபினையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலை உணவை விட்டுவிட்டு வந்து வார்டில் மயங்கி விழும் முதலாண்டு மாணவிகளை ஒவ்வோர் ஆண்டும் தூக்கிப் படுக்க வைக்கிறோம்.

அன்று வந்த பெண்ணுக்கு வயது 19. விண்ணப்பிக்க அவளுக்கு இன்னும் வழி இருக்கிறது. அவளுடைய அசல் மதிப்பெண் பட்டியல் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. மீதிக் கட்டணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். திருப்பிக் கேட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சல் ஒன்று அனுப்பியிருக்கிறோம். அவள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் இரண்டாம்படி பெறும் வழியையும் கேட்டிருக்கிறோம். தங்கை இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடிக்கிறாளாம். போகும்போது அந்த அம்மா, எந்த குரூப் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, மகளை வாசிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.