தாய் தகப்பன் போனால் சாமியும் போய்விடுமா?

மடித்த செய்தித்தாள் துண்டில் கொஞ்சம் திருநீறு. பேத்தியைப் பார்க்க வந்த பாட்டியிடமிருந்து குழந்தைகள் இல்லத்தின் வாசலிலேயே அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாட்டி அதற்காகச் சண்டை போடவில்லை. எங்கள் குழந்தைகள் நலக் குழு முன் வந்து நின்றபோதும் அதைப் பற்றி முறையிடவில்லை. "பேர் சொல்லிக் கூப்பிட்டேன் அம்மா, பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை" என்றுதான் அழுதார்.

பிள்ளைக்கு ஒன்பது வயது. இல்லத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வந்தபோது குலதெய்வத்தின் பெயர். இப்போது பதிவேட்டில் இல்லத்தாரின் மதத்துப் பெயர். (இரண்டில் எதையும் நான் இங்கே எழுத முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. படத்தோடு 'அநாதைச் சிறுமி' என்று பகிர்கிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.) ஆதரவற்ற பிள்ளைகளின் பராமரிப்பை முடிவு செய்கிற அந்தக் குழுவில் உறுப்பினராக உட்கார்ந்ததிலிருந்து இதுபோல எத்தனையோ பார்த்துவிட்டேன். இந்த ஆண்டில் மட்டும் இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

இல்ல நிர்வாகி நல்ல மனிதர். பிள்ளைகள் அவர் கையைப் பிடித்துத் தொங்குகின்றன. "நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை மேடம், அவளாகவேதான் ஜெபிக்கிறாள்" என்றார். அவளாகவேயா? அந்த இல்லத்தில் ஜெபம் முடிந்த பிறகுதான் இரவுச் சாப்பாடு. நாற்பது பிள்ளைகள் கண்ணை மூடி நிற்கும்போது, நேற்று வந்த பிள்ளை மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு தட்டோடு நிற்குமா?

இதைவிட என்னை எரிச்சல்படுத்துவது வேறொரு வாதம். "சோறு போட்டு, துணி கொடுத்து, படிக்க வைக்கிறார்கள். அவர்கள் சாமியைக் கும்பிட்டால் என்ன குறைந்துவிடும்?" நன்கொடையாளர் சொல்கிறார். பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட சித்தப்பா சொல்கிறார். வழக்கைப் பதிய வேண்டிய காவல் உதவி ஆய்வாளரும் சொன்னார். ஐயா, பிள்ளை உங்களிடம் கடன் வாங்கவில்லை. உணவும் உறைவிடமும் அதன் உரிமை. உரிமையைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக மனத்தை எழுதி வாங்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதம் உங்கள் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, பெயரையும் மாற்றித் திருப்பித் தந்தால் சும்மா இருப்பீர்களா? அந்தப் பிள்ளையின் தகப்பன் உயிரோடு இல்லை என்பதால் மட்டும் கணக்கு எப்படி மாறும்?

பாசம் இருந்தாலும் இது தப்பாகும் என்பதற்கு பிரான்ஸில் ஃபினாலி சகோதரர்களின் வழக்கு இருக்கிறது. 1944இல் யூதப் பெற்றோரை நாஜிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். இருவரும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து திரும்பவில்லை. இரண்டு சிறுவர்களையும் கிரெனோபிள் நகரக் காப்பகத்தின் தலைவி அந்துவானெத் புரூன் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அது உயிரைப் பணயம் வைத்த காரியம்; யாரும் மறுக்க முடியாது. போர் முடிந்ததும் அத்தைமார் பிள்ளைகளைக் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. 1948இல் ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். வழக்கு இழுத்தது. 1953இல் சில பாதிரியார்களின் துணையோடு பிள்ளைகள் எல்லை கடந்து ஸ்பெயினுக்குள் கடத்தப்பட்டார்கள். பெரிய கொந்தளிப்புக்குப் பிறகுதான் உறவினரிடம் வந்து சேர்ந்தார்கள். உயிரைக் காத்தவரே அடையாளத்தைப் பறிக்கவும் துணிந்தார் என்பதுதான் இதில் என்னை உறுத்துகிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் சிறாரை வழிபாட்டில் பங்கேற்க வைக்கக் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28(3). அநாதைப் பிள்ளைக்கு யார் காப்பாளர்? இல்லமே நான்தான் என்கிறது. ஆக, கேட்பவரும் அவரே, சம்மதிப்பவரும் அவரே! இந்தியா 1992இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, பெற்றோரைப் பிரிந்த பிள்ளையின் மதம், மொழி, பண்பாட்டுப் பின்னணிக்கு உரிய மதிப்புத் தரச் சொல்கிறது.

அதற்காக வேறு மதத்தவர் வளர்க்கவே கூடாது என்று கிளம்பாதீர்கள். எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்த கன்னியாஸ்திரி ஒருவர், தன் இல்லத்து முஸ்லிம் பையனை வெள்ளிக்கிழமைதோறும் காவலாளியோடு பள்ளிவாசலுக்கு அனுப்புவார். ரமலானில் சஹருக்குத் தானே எழுந்து சோறு சூடாக்குவார். எதிர்ப்பக்கமும் உண்டு. ஆசிரமம் நடத்தும் விடுதியொன்றில் கிறிஸ்தவப் பிள்ளையின் கழுத்துச் சிலுவையைக் கழற்றிவிட்டு நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் கேட்டதற்கு, "அது மதமில்லை, பண்பாடு" என்று பதில் வந்தது.

வழக்கு வெளியே தெரிந்தால் ஒரு தரப்பு 'மதமாற்றக் கும்பல்' என்று கூவும். மறுதரப்பு 'சிறுபான்மையினர் மீது தாக்குதல்' என்று கூவும். பிள்ளை எங்கள் அலுவலக பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, 'அநாதை' என்ற சொல்லையே நம்பாதீர்கள். இல்லங்களில் நான் சந்தித்த பிள்ளைகளில் பலருக்குத் தாய் இருக்கிறாள். வறுமைதான் பிரித்திருக்கிறது. அந்தச் சொல்லை வைத்தே நன்கொடையும் திரட்டலாம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்து முஸ்லிம் பிள்ளைகள் 300 பேரை ஜகார்த்தாவில் கிறிஸ்தவ இல்லத்தில் வளர்க்கப் போவதாக அமெரிக்க மிஷனரி அமைப்பு ஒன்று நன்கொடை திரட்டியது. அரசு அனுமதிக்க முடியாது என்றதும் திட்டத்தைக் கைவிட்டது. அந்நாட்டின் 2002ஆம் ஆண்டுச் சட்டம், பூர்வீகம் தெரியாத குழந்தைக்கு அந்த ஊரின் பெரும்பான்மை மதமே மதம் என்கிறது. எனக்கு அதுவும் உடன்பாடில்லை. பிள்ளையைக் கேட்காமல் ஊரைக் கேட்கிற சட்டம் அது.

ஆதரவற்ற பிள்ளையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். தெரிந்த பாதிரியார், தெரிந்த சாமியார், தெரிந்த ஹஜ்ரத் என்று நேரே கொண்டுபோய் விடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் குழுவிடம் தகவல் வர வேண்டும். இல்லத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள், தயவுசெய்து. உறவினரே வளர்க்க முடியுமானால் மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழியிருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுங்கள். இல்லம் நடத்துகிறவர்களே, பெயரை மாற்றாதீர்கள். குலதெய்வம், ஊர், உறவு எல்லாவற்றையும் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஜெபத்துக்கு முன்னால் சோறு போடுங்கள்.

அடுத்த அமர்வு இரண்டு வாரம் கழித்து. பழைய ரேஷன் அட்டையில் பேத்தியின் பெயர் இருக்கிறதாம். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். திருநீற்றையும்.