ட்ரூயிங்: சாணைக்கல்லில் கோட்டம் எடுப்பது

சாணைக்கல் தேயத் தேய வட்டம் கெடும். சில இடம் மேடாகவும் சில இடம் பள்ளமாகவும் ஆகும். அந்தக் கல்லின் முகத்தை வைர முனையால் மெல்லச் சீவி, அச்சுக்குச் சரியான வட்டமாகவும், அகலவாக்கில் மட்டமாகவும் திரும்பக் கொண்டுவரும் வேலைக்குத்தான் ஆங்கிலத்தில் ட்ரூயிங் என்று பெயர். இதற்குத் தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. நம் சைக்கிள் கடைகளில் ரிம்முக்குச் சொல்லும் 'கோட்டம் எடுப்பது' என்பதே இங்கும் பொருந்தும்.

முதலில் இந்தக் கல் சுற்றும் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லைத் தண்ணீரில் நனைத்தபடி உளி, கத்தி தீட்டும் இதையும் ஆங்கிலத்தில் வெட் கிரைண்டர் என்பார்கள். ஆனால் கோயமுத்தூரில் வெட் கிரைண்டர் என்றால் இட்லி மாவு ஆட்டுவதுதான். புவிசார் குறியீடே அந்தப் பெயரில் இருக்கிறது. ஆகவே நாம் பேசும் இயந்திரத்தைத் தண்ணீர்ச் சாணை என்று சொல்வது நல்லது. ஸ்வீடன் நாட்டு டார்மெக் நிறுவனம் 1973 முதல் இவ்வகை இயந்திரங்களைச் செய்கிறது. அதன் பெரிய இயந்திரத்தில் 250 மி.மீ. விட்டமுள்ள கல், தொட்டித் தண்ணீரில் நனைந்தபடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சுற்று சுற்றும். பட்டறைகளில் இருக்கும் சாதாரண பெஞ்ச் கிரைண்டர் 2,800 சுற்றைத் தொடும். கொஞ்சம் அசந்தால் உளி முனை சூடேறி நீலம் பாய்ந்து பதம் போய்விடும். தண்ணீர்ச் சாணையில் அந்தப் பயம் இல்லை. வார்ப்படத்துக்கு மர மாதிரி செய்யும் பேட்டர்ன் கடைத் தச்சரின் உளிக்கும், திருப்பூர் கட்டிங் மாஸ்டரின் கத்தரிக்கும் ஏற்ற இயந்திரம்.

'ட்ரூ' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் நம்பிக்கைக்குரிய, சொன்ன சொல் மாறாத என்ற பொருளில் இருந்தது. உறுதி என்ற கருத்தையும் மரத்தையும் ஒருசேரக் குறித்த ஒரு பழைய வேரிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது மொழியியலாளர் பலர் கருத்து. அப்படியானால் தேவதாரு என்பதில் மரம் என்ற பொருளில் நிற்கும் 'தாரு' அதற்குத் தூரத்து உறவு. மாறாதது, பிசகாதது என்ற பொருள் பிறகு கைவினைக்குள் வந்து, அளவில் பிசகாதது என்று ஆனது. 'உண்மை' என்ற பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு 'மெய்யாக்கல்' என்று பெயர்த்தால் கல்லோடு வேலை செய்பவர் யாருக்கும் புரியாது.

கோட்டம் என்பது கோடு என்ற வினையிலிருந்து வருகிறது. கோடுதல் என்றால் வளைதல், நேர் தவறுதல். 'சொற்கோட்டம் இல்லது செப்பம்' என்று நடுவு நிலைமை அதிகாரத்தில் திருக்குறள் (119) சொல்கிறது. அங்கே கோட்டமும் அதற்கு எதிரான செப்பமும் ஒரே அடியில் நிற்கின்றன. செப்பனிடுதல் என்றே ட்ரூயிங்கைச் சொல்லலாமே என்று கேட்கலாம். ஆனால் சாலை முதல் ஏரிக்கரை வரை எதைப் பழுது பார்த்தாலும் இன்று செப்பனிடுதல்தான், பொருள் விரிந்துவிட்டது. கோட்டம் எடுத்தல் குறுகலான, கூரான சொல். கோட்டம் பார்க்கலாம், கோட்டம் வாங்கிவிட்டது எனலாம், கோட்டம் எடுக்கலாம். சோதனை, பழுது, வேலை மூன்றுக்கும் ஒரே சொல் போதும். லேத் பட்டறையில் பிசகை அளக்கும் டயல் வைத்து 'ட்ரூ பார்ப்பது' என்பதும் உண்மையில் கோட்டம் பார்ப்பதுதான்.

ஒரு வேறுபாடு உண்டு. ரிம்மில் ஆரக்கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுக்கும்போது எதுவும் குறைவதில்லை. கல்லில் மேட்டைச் சீவித்தான் ஆக வேண்டும். வைர முனையைக் கருவியைத் தாங்கும் கம்பியின் மேல் பொருத்தி, கல்லைச் சுற்றவிட்டு, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நிதானமாக நகர்த்துவார்கள். கம்பியோடு இணையாக முனை போவதால் கல்லின் முகமும் கம்பிக்கு இணையாகிறது. இது இல்லையென்றால் 25 மி.மீ. உளியை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் வாய் சாய்ந்துதான் வரும். ஒரே தடவையில் ஆழமாகச் சீவக் கூடாது. கல் வீணாகும், முகத்தில் புரி போல வரி விழும். தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும், தூசி பறக்காது.

டிரெஸ்ஸிங் என்ற இன்னொரு சொல்லையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். கல் வட்டமாகவே இருக்கும், ஆனால் கல்லில் உள்ள அரைக்கும் மணிகள் மழுங்கி முகம் வழவழப்பாகி எஃகைப் பிடிக்காது. அதைச் சொரசொரப்பாக்குவது டிரெஸ்ஸிங். இதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: கொத்துதல். அம்மி, ஆட்டுக்கல் கொத்த வருபவர் உளியால் புள்ளி வைப்பது இதற்காகத்தான். சாணைக்கல்லை உளியால் கொத்துவதில்லை. சொரசொரப்பான இன்னொரு கல்லை அழுத்திப் பிடித்தே முகத்தைத் திறக்கிறார்கள். நோக்கம் ஒன்றுதான் என்பதால் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கோட்டம் எடுத்த பிறகு கல்லின் விட்டம் சற்றுக் குறைந்திருக்கும். அதனால் பழைய அமைப்பிலேயே உளியை வைத்தால் சாய்வுக் கோணம் மாறிவிடும். தாங்கு கம்பியின் உயரத்தை மறுபடி சரி பார்த்துக்கொள்ளுங்கள்.