அழுத்தமில்லாத் தொட்டியில் ஓர் இரவின் வெப்பம்

அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் குளிர்கால இரவுகளின் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே விறகை எரித்து நீரைச் சூடாக்கி வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் விறகுக் கொதிகலனை நம்பியிருக்கும் வீடுகளில், விறகு முழு வேகத்தில் எரிந்தால்தான் புகை குறைந்து வெப்பம் நன்றாகக் கிடைக்கும். வீட்டுக்கோ அந்த வெப்பம் இரவு முழுவதும் சிறிது சிறிதாகத் தேவைப்படுகிறது. எனவே சில மணி நேரம் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பின் வெப்பத்தை நீரில் சேர்த்துவைத்து, பிறகு தேவைக்கேற்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

மூடிய எஃகுக் கலனில் சேமிப்பது ஒரு வழி. ஆனால் 1 பார் அழுத்தம்கூட (ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தின் அளவு) ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரிலும் சுமார் 10 டன் எடைக்கு ஈடான விசையைச் செலுத்துமாகையால், அத்தகைய கலன் தடிமனாகவும் விலை கூடியதாகவும் இருக்கும். அழுத்தமில்லாத தொட்டியில் நீரின் சொந்த எடையைத் தாங்கினால் போதும் என்பதால், மரச்சட்டமும் பிளைவுட் பலகையும் கொண்டே அதைக் கட்டிவிடலாம். சுமையைச் சட்டம் தாங்குகிறது. வெப்பத்தை உள்ளே பதித்த நுரைப்பலகை காக்கிறது. அதன்மேல் விரித்த ரப்பர் விரிப்பின் வேலை கசிவைத் தடுப்பது மட்டுமே.

நீரின் எடையையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், நீளமான சுவர் ஒவ்வொன்றையும் அது ஏறத்தாழ 1 டன் விசையுடன் வெளியே தள்ளும். ஆழம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். அழுத்தம் அடியில்தான் மிகுதி என்பதால், சுவரைச் சுற்றிக் கட்டும் சட்டங்களைக் கீழ்ப்பகுதியில் நெருக்கமாக அமைக்க வேண்டும்.

விரிப்புக்குப் பெரும்பாலும் தட்டைக் கூரைகளில் பயன்படும் ஈபிடிஎம் ரப்பரே தேர்ந்தெடுக்கப்படுகிறது. மூலைகளை வெட்டி ஒட்டாமல், கடைக்காரர் பொட்டலம் மடிப்பதுபோல ஒரே தாளாக மடித்துப் பொருத்துவது நல்லது. குழாய்களையும் விரிப்பைத் துளைக்காமல் விளிம்புக்கு மேலாகவே கொண்டுசெல்ல வேண்டும். நீரின் வெப்பநிலை 80 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் விரிப்பு நீண்டநாள் உழைக்கும். தெர்மகோல் இந்தச் சூட்டில் தளரத் தொடங்கும் என்பதால், நுரைப்பலகையாகப் பாலிஐசோசயனுரேட் பொருத்தமானது.

காற்றுடன் தொடர்புள்ள இந்த நீரில் ஆக்சிஜன் கரைந்துகொண்டே இருக்கும். அதை நேரடியாகக் கொதிகலனுக்குள் செலுத்தினால் இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே தொட்டிக்குள் செப்புக்குழாய்ச் சுருள்களை மூழ்கவைத்து, கொதிகலனின் நீரை மூடிய சுற்றாக அவற்றினூடே ஓடவிடுகிறார்கள். வெப்பம் மட்டும் கைமாறுகிறது, நீர் கலப்பதில்லை. சூடான நீர் மேலே தங்குமாதலால், வீட்டுக்கு வெப்பம் எடுக்கும் சுருள் மேற்பகுதியில் இருப்பதே முறை.

இத்தொட்டியின் 2,000 லிட்டர் நீர் 80 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஆறினால் சுமார் 46 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். பழைய ரேடியேட்டர்கள் (சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோக அமைப்புகள்) உள்ள வீட்டில் அதற்குக் கீழே ஆறிய நீரால் அதிகப் பயனில்லை. தரைக்கடியில் சுடுநீர்க் குழாய் பதித்த வீட்டிலோ 40 டிகிரி நீரும் உதவும் என்பதால், அதே தொட்டி 93 கிலோவாட் மணி தரும். 5 கிலோவாட் வெப்பம் கேட்கும் வீட்டுக்கு அது 18 மணி நேரத்துக்கு மேல் போதும். தொட்டியைப் பெரிதாக்குமுன் வெப்பம் பரப்பும் முறையைக் கவனிப்பதே சிக்கனம் என்று இதனால்தான் சொல்லத் தோன்றுகிறது.

இழப்பில் பலரும் சுவர்களையே கவனிக்கிறார்கள். 15 சென்டிமீட்டர் நுரைப்பலகை போட்ட இத்தொட்டி, நீருக்கும் வெளிக்காற்றுக்கும் 60 டிகிரி வேறுபாடு உள்ளபோது ஏறத்தாழ 100 வாட்டை, அதாவது நாளொன்றுக்கு 2.4 கிலோவாட் மணியை இழக்கும். ஆனால் ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கே 0.64 கிலோவாட் மணி வேண்டும். மூடியின் இடுக்கு வழியே தினம் நான்கு லிட்டர் வெளியேறினால், எல்லாச் சுவர்களின் இழப்பையும் அது விஞ்சிவிடும். ஆகவே மூடியின் அடிப்புறத்தையும் ரப்பரால் போர்த்தி விளிம்பை இறுக்கமாக அடைக்க வேண்டும். அழுத்தம் சேராதிருக்கச் சிறு காற்றுக்குழாய் ஒன்று போதும். 20 டிகிரி நீர் 80 டிகிரிக்குச் சூடாகும்போது இத்தொட்டியில் நீர்மட்டம் சுமார் 2.7 சென்டிமீட்டர் உயரும். அதற்கான இடத்தையும் மூடிக்குக் கீழே விட்டுவைக்க வேண்டும்.